வருங்கால உலகமும் சூழலியல்காரன் வேலையும்

(மேலூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், விஞ்ஞானக் கற்பனைக் கதைகளில் வருகிற உலகங்களில் சூழலியல் அறிஞனுக்கு என்ன வேலை என்பதாகும். “கண்மாயில் தண்ணீரைக் காணோம், இவன் கதை பேச வந்துவிட்டானே” என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் நம் நாட்டில் கதை என்பது சாமான்யமான சங்கதியா? கதையைக் கேட்டுத்தானே ஒருவனை மேலே ஏற்றினோம், ஒருவனைக் கீழே தள்ளினோம்? மழை பெய்யவில்லை யென்றால் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைக்கிறோமே, அதுவும் ஒரு கதையை நம்பித்தானே?

பழைய கதைகளுக்கும் விஞ்ஞானக் கதைக்கும் ஒரே ஒரு வித்தியாசம். பழைய கதை, நடக்காததை நடந்ததாகச் சொல்லி ‘நம்பு’ என்கிறது. விஞ்ஞானக் கதையோ, இது நடக்கவில்லை, நடந்தால் என்ன ஆகும் என்று ‘யோசித்துப் பார்’ என்கிறது. ஆகவே நம்மைப் போன்றவர்கள் அதைத் தாராளமாகப் படிக்கலாம், பேசலாம்.

சூழலியல் என்றால் என்ன? பெயர்தான் பெரிதாயிருக்கிறதே யொழிய விஷயம் உங்களுக்குத் தெரிந்ததே. வரப்பில் உள்ள பாம்பையெல்லாம் அடித்துக் கொன்றால் எலி பெருகும்; எலி பெருகினால் நெல் குறையும். மேலே ஓடையை மறித்தால் கீழே கண்மாய் காயும்; கண்மாய் காய்ந்தால் கிணறு வற்றும். இப்படி மண், தண்ணீர், செடி, பூச்சி, பறவை, மிருகம், மனிதன் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்து கிடக்கின்றன என்பதை அளந்தும் எண்ணியும் கண்டுபிடிக்கிற சாஸ்திரம்தான் சூழலியல். “இதைச் செய்தால் அதற்கப்புறம் என்ன ஆகும்?” என்று கேட்பதே அந்த அறிஞனுடைய தொழில்.

நம் தமிழ்நாட்டிலும் வருங்காலத்தைப் பற்றி யோசித்தவர்கள் இல்லாமலில்லை. 1940களிலேயே பெரியார் அவர்கள் ‘இனிவரும் உலகம்’ என்பதாக ஒன்றைச் சொன்னார். கம்பியில்லாமல் பேசும் சாதனம் ஒவ்வொருவரிடமும் இருக்கும், உருவத்தையும் தந்தியில் அனுப்பலாம், பெட்ரோலுக்குப் பதில் மின்சாரம் வரும், ஆண் பெண் சேர்க்கையில்லாமலும் பிள்ளை பிறக்கலாம் என்றெல்லாம் அதில் வருகிறது. அன்று சிரித்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பையில் செல்போனை வைத்துக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் அந்த உலகத்தில் யந்திரத்துக்கும் மின்சாரத்துக்கும் வைத்தியத்துக்கும் உள்ள இடம் சூழலியலுக்கு இல்லை. அந்தப் பெயர் நம் நாட்டில் பரவாத காலம் அது. ஆகவே அந்த இடத்தை நிரப்பிப் பார்ப்பது பின்னால் வந்த நம்முடைய வேலை.

மேல்நாட்டில் அதை நிரப்பிய கதைகளில் பெயர் பெற்றது, பிராங்க் ஹெர்பர்ட் என்ற அமெரிக்கர் 1965ல் புத்தகமாக வெளியிட்ட ‘டூன்’ என்பது. டூன் என்றால் மணல்மேடு. வறண்ட நிலத்தில் வேலை செய்யும் சூழலியல்காரர்களுக்கே அந்தப் புத்தகத்தை அவர் சமர்ப்பணம் செய்திருக்கிறார். நம்முடையதும் வறண்ட நிலம்தான். ஆதலால் நமக்கும் அதில் பாத்தியம் உண்டு.

கதை இது. அர்ராக்கிஸ் என்று ஒரு கிரகம். முழுவதும் பாலைவனம். அங்குள்ள பிரெமென் என்ற ஜனங்கள், வேர்வையும் மூச்சின் ஈரமும் வீணாகாதபடி பிடித்துத் திரும்பக் குடிக்கக் கொடுக்கிற உடையை மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். மணலுக்குள்ளே மலைபோன்ற புழுக்கள் ஊர்கின்றன. அந்தப் புழுக்களால் ஒரு மசாலாப் பொருள் உண்டாகிறது. அந்தப் பொருளுக்காகப் பிரபஞ்சமே அடித்துக்கொள்கிறது. சக்கரவர்த்தி அங்கே ஒரு சூழலியல் உத்தியோகஸ்தனை அனுப்புகிறான். அவன் பெயர் பார்டாட் கைன்ஸ். அவனுக்குப் பின் மகன் லியட் கைன்ஸ் அந்த வேலைக்கு வருகிறான். மணலைப் புல்லால் கட்டி, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து, சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்து, சில நூறு வருஷங்களில் பாலைவனத்தைப் பசுமையாக்கலாம் என்பது தகப்பன் போட்ட கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது மூன்று.

முதலாவது, அந்தச் சூழலியல்காரன் சக்கரவர்த்தியின் சம்பளத்தை வாங்கினாலும், பாலைவனத்தை அறிந்தவர்கள் அந்த நாதியற்ற ஜனங்களே என்று கண்டுகொண்டு, அவர்களோடு போய் உட்கார்ந்தான். நம் சங்கதி என்ன? மதுரை, இராமநாதபுரம் சீமைகளில் கண்மாய் மடையைத் திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டி யார்? பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட தோழர்கள். கரை எங்கே கசியும், எந்த ஓடையில் எப்போது வெள்ளம் வரும் என்பது அவனுக்குத் தெரியும். நியாயமாய்ப் பார்த்தால் அவனே அந்த ஊரின் சூழலியல் அறிஞன். அவனை ஊருக்கு வெளியே வைத்துவிட்டு, மழைக்கு மந்திரம் சொல்லத் தெரியும் என்றவனை ஊருக்கு நடுவில் வைத்தோம். தண்ணீரைத் தெரிந்தவன் தண்ணீர் மொள்ளக்கூடாத நாடு உலகத்தில் வேறெங்கேயாவது உண்டா, தோழர்களே?

இரண்டாவது, அந்த ஜனங்கள் அறிஞனைக் குருவாக்கிவிட்டார்கள். அவன் சொன்ன கணக்கு அவர்களுக்கு வேதமாகிவிட்டது. கணக்கென்றால் சரிபார்க்கலாம், தப்பென்றால் திருத்தலாம். வேதத்தை யார் திருத்துவது? பிறகு அதே பக்தியை இன்னொருவன் மேல் திருப்பினார்கள். அவன் அவதார புருஷனானான். அவன் பெயரால் கோடிக்கணக்கில் மாண்டார்கள். மகன் கைன்ஸ் பாலைவனத்தில் சாகிற சமயத்தில், செத்துப்போன தகப்பன் பேசுவது போல் அவனுக்குத் தோன்றுகிறது. ஒரு வீரபுருஷன் கையில் சிக்குவதைவிட ஒரு ஜனசமூகத்துக்குப் பெரிய கேடு கிடையாது என்பது அந்தப் பேச்சின் கருத்து. இதை எழுதியவர் சுயமரியாதைக்காரரல்ல. ஆனால் நாம் சொல்லிவருவதும் இதுதானே?

இங்கேயும் பாருங்கள். 1895ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுயிக் நமக்கு உபகாரிதான், சந்தேகமில்லை. அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வையுங்கள், பாடப்புத்தகத்தில் எழுதுங்கள். ஆனால் அவர் படத்துக்குச் சூடம் கொளுத்தினால், அவர் போட்ட கணக்கைப் படிக்க ஒருவனும் வரமாட்டான்; சூடம் விற்பவன்தான் வருவான்.

மூன்றாவது, பசுமையானால் எல்லாம் சரியாகிவிடுமா என்பது. அந்தப் புழுவுக்குத் தண்ணீரே விஷம். பின்வந்த பாகங்களில் கிரகம் பசுமையாகிறது, புழு அழிகிறது, மசாலாப் பொருளும் அருகிப்போகிறது. நல்லதென்று செய்த காரியமே இன்னொரு பக்கம் கெடுதலாய் முடிகிறது.

இது கதையில் மாத்திரம் நடந்ததல்ல. ஹெர்பர்டுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1957ல் அவர் ஆரிகன் மாகாணத்தில் பிளாரன்ஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போனார். அங்கே மணல்மேடுகள் நகர்ந்து ரோட்டை மூடாமலிருக்க, அமெரிக்க விவசாய இலாகாவினர் ஐரோப்பாக் கடற்கரைப் புல்லை நட்டு மணலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் கதையை யோசித்தார். மணல் நின்றது உண்மை. ஆனால் அந்தப் புல் கரையெல்லாம் பரவி, அந்த மண்ணுக்குரிய செடிகளை நெருக்கித் தள்ளி, வெறும் மணலில் முட்டையிடுகிற ஒரு சிறு பறவைக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. இன்று அந்தப் புல்லைச் சில இடங்களில் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்கிறபோது உங்களுக்கு ஒரு மரம் ஞாபகம் வரவில்லையா? சீமைக்கருவேல்தான்! அமெரிக்கக் கண்டத்து மரம். 1870களில் வெள்ளைக்காரர்கள் காலத்தில் இந்தியாவுக்கு வந்தது. வறண்ட நிலத்தில் விறகு கிடைக்கும், வெட்டவெளி பச்சையாகும் என்று பரப்பினார்கள். ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் போட்டது, கண்மாயெல்லாம் முள்காடானது.

சரி, இதற்கு நாம் என்ன செய்தோம்? இந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், இதில் பறவை அடையாது, இதனடியில் கட்டிய மாடு மலடாகும் என்று கதை கட்டிச் செல்போனில் அனுப்பிக்கொண்டிருந்தோம். முன்னே புளியமரத்தில் பேய் இருந்தது. இப்போது சீமைக்கருவேலுக்குக் குடிவந்துவிட்டது! வாஸ்தவம் என்ன? அதன் வேர் வெகு ஆழம் போய் நிலத்தடி நீரை எடுக்கும். அடர்ந்து வளர்ந்து மற்றச் செடிகளை ஒடுக்கும். கண்மாயின் உட்பரப்பையும் வரத்துக்காலையும் அடைக்கும். இவ்வளவும் கெடுதலே. ஆனால் அதில் பறவை கூடு கட்டுவதும் உண்டு; கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற ஏழைக் குடும்பங்களும் ஏராளம்.

2017ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டது. எங்கு பார்த்தாலும் ஜே.சி.பி. யந்திரம் ஓடிற்று. விளைவு என்ன என்று ஆராய்ந்தீர்களா என்ற கேள்வி எழுந்து, அதே வருஷத்தில் இடைக்காலத் தடையும் வந்தது. வேரோடு எடுக்காத இடத்தில் மரம் மறுபடி துளிர்க்கிறது. எடுத்த இடத்தில் வேறு மரம் வைத்துக் காக்காவிட்டால் விதை மறுபடி முளைக்கிறது. பேயை ஓட்டுவது ஒருநாள் வேலை; மரத்தை மாற்றுவது பலவருஷ வேலை. 2022ல் தமிழ்நாடு அரசாங்கம் அந்நியக் களைத்தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்!

அதே 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். மந்திரியே வந்து தொடங்கி வைத்தார். காற்றடித்தது, அட்டை கரைக்கு வந்தது. ஊரெல்லாம் சிரித்தது. நான் சிரிக்கச் சொல்லவில்லை. தண்ணீர் ஆவியாகிறது என்று நினைத்ததே விஞ்ஞானம்தான். ஆனால் “காற்றடித்தால் என்ன ஆகும்?” என்று கேட்க அங்கே ஓர் ஆள் இல்லை, இருந்தாலும் அவனைக் கேட்பாரில்லை. அந்த ஆளின் பெயர்தான் சூழலியல்காரன்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 1972ல் ‘சைலண்ட் ரன்னிங்’ என்று ஓர் அமெரிக்கப் படம் வந்தது. பூமியில் காடே அழிந்துபோய், மிச்சக் காட்டை ஆகாயக் கப்பல்களில் கண்ணாடிக் கூண்டுக்குள் வளர்க்கிறார்கள். அதை அழித்துவிடச் சொல்லி உத்தரவு வருகிறது. காட்டைக் காக்கிறவன் என்ன செய்கிறான்? கூட இருந்த மூன்று பேரைக் கொன்று மரத்தைக் காப்பாற்றுகிறான்! அப்புறம் செடி வாடுகிறது. ஏனென்று வெகுநேரம் அவனுக்குப் புரியவில்லை. கப்பல் சூரியனைவிட்டு வெகுதூரம் போய்விட்டது, வெளிச்சமில்லை, அவ்வளவே. மனிதனை மறந்து மரத்தைப் பூஜை செய்கிறவனுக்கு மரமும் விளங்குவதில்லை.

அப்படியானால் சூழலியல்காரன் எப்படி இருக்க வேண்டும்? அதற்கு நான் வேறு கிரகத்துக்குப் போகவேண்டியதில்லை. நம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியே போதும். அங்கே ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள், தேவாங்கு, அலங்கு எல்லாம் உண்டென்று கணக்கு எழுதப்பட்டது. பறவை பார்ப்பவர்கள் வருஷக்கணக்காய் வெயிலில் நின்று எண்ணினார்கள். ஊர் ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். அதன்பேரில் 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 எக்டேர் சொச்சம் நிலம், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

2024 நவம்பரில் அதையும் உள்ளடக்கி 2,015 எக்டேரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய சர்க்கார் ஏலத்தில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. ஜனங்கள் சும்மா இருந்தார்களா? டிசம்பரில் சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7ந் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு ஊர்வலமாகப் போனார்கள். ஜனவரி 23ந் தேதி ஏலம் ரத்தாயிற்று. ரத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அந்தப் பல்லுயிர்த் தலமும் ஒன்று. ஒரு சாமியும் வந்து காக்கவில்லை. அவதார புருஷன் ஒருவனும் வரவில்லை. கணக்கெழுதியவன் கணக்கைக் கொடுத்தான். முடிவு செய்ய வேண்டியவர்கள் ஜனங்கள், அவர்கள் நடந்துபோய் முடிவு செய்தார்கள். கணக்கு மாத்திரம் இருந்து ஜனங்கள் இல்லாவிட்டால் அது அலமாரியில் தூங்கியிருக்கும். ஜனங்கள் மாத்திரம் இருந்து கணக்கில்லாவிட்டால், “வெறும் பாறைதானே, இதற்கு ஏன் கூச்சல்?” என்று கேட்டிருப்பார்கள்.

ஆகவே நான் சொல்ல வந்தது இவ்வளவே. வருங்கால உலகத்தில் சூழலியல்காரனுக்கு ராஜா வேலையும் கிடையாது, பூசாரி வேலையும் கிடையாது. அளப்பது, எண்ணுவது, அப்புறம் என்ன ஆகும் என்று கேட்பது, கண்டதை ஒளிக்காமல் எல்லோருக்கும் விளங்கும் பாஷையில் சொல்வது, இவைதான் அவன் வேலை. அவனைக் கும்பிடவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம், கேள்வி கேளுங்கள்.

அந்த வருங்காலம் எப்போது வருமென்று காத்திருக்கவும் தேவையில்லை. நாளைக்கே உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானியை வைத்து, பிள்ளைகளை நோட்டுப் போட்டு எழுதச் சொல்லுங்கள். இன்று எவ்வளவு மழை, கிணற்றில் எத்தனை அடித் தண்ணீர், கண்மாயில் எத்தனை வகைப் பறவை? ஆணும் பெண்ணும் எந்தத் தெருப் பிள்ளையும் சேர்ந்து எழுதட்டும். பத்து வருஷம் எழுதிய நோட்டு ஒன்று ஊரில் இருந்தால், எந்த உத்தியோகஸ்தன் வந்தாலும், எந்தக் கம்பெனி வந்தாலும், எந்தச் சாமியார் வந்தாலும் அதை விரித்து வைத்துப் பேசலாம். கழுதைக் கல்யாணத்துக்கு ஆகும் செலவில் எத்தனை மழைமானி வாங்கலாம் என்பதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே கணக்குப் போட்டு எழுதி வையுங்கள்.