உப்பை அழுத்தி வைத்திருக்கும் ஒரு அடி



கல்லணையில் திறந்துவிடும் காவிரித் தண்ணீர் 148 கிலோமீட்டர் ஓடி, நம் அறந்தாங்கி வட்டாரத்து மும்பாலை ஏரியில் முடிகிறது. மேட்டூர் அணை கட்டி முடித்த 1930-களில் வெட்டிய கல்லணைக் கால்வாயின் கடைமடை இது. மேலே உள்ள வயல்கள் குடித்து மிஞ்சியதுதான் இங்குள்ள நாகுடிக்கு வரும். அதுவும் வராத ஆண்டுகளில் உழவர்களின் கை மோட்டார் சுவிட்சுக்குப் போகிறது.

அந்த மோட்டார் எதை இறைக்கிறது என்பதில்தான் இந்த மண்ணின் எதிர்காலம் இருக்கிறது.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையோர மணலுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் ஒரு படலமாக நிற்கிறது. அந்த நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே 40 அடி ஆழத்துக்கு உப்புநீரை அழுத்தி வைக்கும். 1889-இல் நெதர்லாந்தின் கைபனும், 1901-இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது. திருப்பிப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. இறைத்து இறைத்து மேலே 1 அடி குறைத்தால், காலப்போக்கில் கீழே 40 அடி உப்பு ஏறும். ஏறிய உப்பை ஒரு மழையில் இறக்கிவிட முடியாது.

உள்ளே வடகாடு, கீரமங்கலம் பக்கம் சிக்கல் வேறு. ஒருகாலத்தில் ஏற்றம் இறைத்த ஊர்களில் இன்று பல நூறு அடிக்குப் போர் போடுகிறார்கள்.

2021 பிப்ரவரி 21-இல் காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய்; முதல் கட்டம் தெற்கு வெள்ளாறு வரை. நல்ல திட்டம், சீக்கிரம் முடியட்டும். ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏற்கெனவே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் இருக்கின்றன. அவற்றில் நிற்கும் தண்ணீர்தான் மெல்ல மண்ணுக்குள் இறங்கி உப்பை அழுத்தி வைக்கிறது. வரத்துவாரியை அடைத்துவிட்டுக் கண்மாய் நிறையவில்லை என்று வானத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

நீர்நிலைகளை மக்களே மீட்க முடியும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் இந்தப் பகுதித் தென்னைகளை வேரோடு சாய்த்தது. மறு ஆண்டே கொத்தமங்கலம் இளைஞர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு நீர்நிலைகளைத் தூர்வார இறங்கினார்கள். பக்கத்துப் பேராவூரணியில் 'கைஃபா' என்ற கடைமடை விவசாயிகள் சங்கம் 564 ஏக்கர் பெரியகுளத்தைத் தூர்வாரியது. வீடு இழந்து, மரம் இழந்து நின்ற மக்கள் செய்த வேலை அது.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. கோடை முழுவதும் கையில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் ஊர் வரத்துவாரியை அளந்து எல்லைக்கல் நடவும், மழைக்கு முன் மடையையும் கலிங்கையும் சரிசெய்யவும் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.