வேலவனுக்கு உகந்த வெட்சி



பங்குனி உத்திரப் பெருவிழாவிலே, கொடுமுடிக் காவிரித் தீர்த்தத்தைத் தோளிலே சுமந்து பழனியம்பதிக்கு நடந்து வந்த அன்பர்கள் நிறைந்திருக்கும் இத்திருக்கூட்டத்திலே, ஒரு சிறு செடியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். அச்செடி வெட்சி. ஊர்ப்புறத்தார் இட்லிப்பூ என்று சொல்வதும் இதனையே.

வெட்சியின் பெருமை பழமையானது. நக்கீரர் அருளிய திருமுருகாற்றுப்படையிலே இம்மலர் பேசப்படுகின்றது. பகைவர் ஆநிரையைக் கவரச் செல்லும் வீரர் சூடிய பூவும் இதுவே. தொல்காப்பியர் வெட்சித் திணையைக் குறிஞ்சிக்குப் புறமாக வைத்தார். குறிஞ்சி நிலத்துக்குரிய தெய்வம் சேயோன். சேயோனுக்குரிய நிறம் செம்மை. வெட்சியின் நிறமும் செம்மை. மலராத மொட்டினை உற்று நோக்குங்கள். மெல்லிய நீண்ட காம்பும் கூரிய முனையுமாக, சிறுசிறு வேல்களைக் கொத்தாகக் கட்டி வைத்தாற்போலத் தோன்றும்.

இன்னும் ஒரு செய்தி. 1753-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு இவ்வினத்துக்கு 'இக்சோரா' என்று பெயரிட்டார். ஈசுவரன் என்னும் திருப்பெயரின் திரிபே அது. கடல்கடந்த தாவர நூலிலும் ஈசன் பெயரைத் தாங்கி நிற்கும் செடியை, ஈசன் மைந்தன் உறையும் ஊரிலே நாம் மறக்கலாமா?

கோடைக்கானலிலே குறிஞ்சியாண்டவர் திருக்கோயில் உள்ளது. இலங்கைப் பெரியார் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் துணைவியார் லீலாவதி அம்மையார் 1936-இல் எழுப்பியது. அம்மலையிலே குறிஞ்சி பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. பூத்து விதை ஈன்றபின் அச்செடி மாய்ந்துவிடும். வெட்சியோ என்றும் பசுமை மாறாதது. ஆண்டு முழுவதும் அவ்வப்போது பூப்பது. ஆனால் மலையுச்சியின் கடுங்குளிரும் உறைபனியும் அதற்கு ஆகா. மலைமேல் குறிஞ்சி, மலையடியில் வெட்சி என்று இறைவன் வகுத்தான் போலும். பெருவிழாவில் மட்டும் மலரும் பக்தி ஒன்று. நாள்தோறும் மலரும் பக்தி மற்றொன்று. இரண்டும் வேண்டும். எனினும் நித்திய பூசைக்கு உதவுவது இரண்டாவதே.

நாம் பட்ட அனுபவம் ஒன்றையும் மறையாது கூறுவோம். சிற்றூர்க் கோயில் ஒன்றின் மதிலோரமாக வெட்சிக் கன்றுகளை வரிசையாக நட்டோம். ஓராண்டிலே தளிர்கள் மஞ்சளாயின. நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி, மேலும் மேலும் ஊற்றினோம். செடிகள் மேலும் நலிந்தன. தோட்ட வேலையில் முதிர்ந்த பெரியவர் ஒருவர் வந்து, மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மதிலைச் சுட்டிக் காட்டினார். விழாத்தோறும் நாம் அடித்த சுண்ணாம்பு மழையில் கரைந்து வேர் வரை இறங்கியிருந்தது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலே இரும்புச் சத்து இருந்தும், வேரால் அதனைப் பெற இயலாது. கோயிலை வெளுக்கச் செய்த தொண்டே பூவை வாட்டியது! அன்பு மட்டும் போதாது, அறிவும் துணை நிற்கவேண்டும் என்பதை அன்று உணர்ந்தோம்.

ஆகவே வளர்க்கும் முறையைக் கேளுங்கள். மதிலையும் சிமெண்டுத் தரையையும் விட்டு விலகி, நல்ல வெயில் படும் இடத்தைத் தேர்க. ஒன்றரை அடிக் குழியிலே செம்மண், இலைமக்கு, மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாக இடுக. சற்றே முற்றிய கிளையை ஒரு சாண் அளவு வெட்டி, அடியிலைகளை நீக்கி, மணலும் இலைமக்கும் கலந்த தொட்டியிலே நிழலில் ஊன்றி, ஈரம் காயாமல் காத்தால் சில வாரங்களில் வேர் விடும். மழைக்காலமே இதற்கு ஏற்றது. செடிக்குச் செடி மூன்று அடி இடைவெளி வேண்டும். ஈரம் இருக்கலாம், நீர் தேங்கலாகாது. தளிர் மஞ்சளானால், லிட்டர் நீரில் ஐந்து கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, மாலையிலே இலைமேல் தெளிக்க. புதுத் தளிரின் நுனியிலேதான் பூங்கொத்து வரும். ஆதலின் பூத்து ஓய்ந்ததும் நுனிகளைக் கத்தரிக்க. எறும்பு ஏறினால் மாவுப்பூச்சி உண்டா என்று பார்த்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்க.

திருப்புகலூரிலே முருக நாயனார் வைகறையில் எழுந்து, நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரும் கொய்து, மாலை தொடுத்து, இறைவனுக்குச் சாத்தினார். அத்தொண்டே அவரை நாயன்மார் வரிசையில் சேர்த்தது. வெட்சி கோட்டுப்பூ வகையினது. கடையில் வாங்கும் மாலைக்குப் பொருள் போதும். வளர்த்த செடியின் பூவுக்கு நம் காலையும் மாலையும் வேண்டும். காலத்தைக் கொடுப்பதினும் பெரிய காணிக்கை யாது?

தீர்த்தம் சுமந்த தோள்களே! ஊர் திரும்பியதும் ஒரு குடம் நீரை ஒரு வெட்சிக்கு நாள்தோறும் சுமந்து ஊற்றுங்கள். அடுத்த உத்திரத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டு வெட்சி உங்கள் ஊர்த் திருக்கோயிலிலே வேலவன் திருவடியில் இருக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.