தொண்டைமானாற்றில் கதவு திறக்கும் நாள்



வைகாசி பிறந்த நேரம், சுவிசில் இருக்கிற என் பெறாமகன் வீடியோவில் வந்தான். பின்னால் வெள்ளைப் புகையும் இரைச்சலும். "சித்தப்பா, ரைன் நீர்வீழ்ச்சிக்கு வந்திருக்கிறன். மலையில பனி கரையிற காலம், தண்ணி அள்ளிக்கொண்டு வருது" என்றான். 23 மீற்றர் உயரம், 150 மீற்றர் அகலம். ஆல்ப்ஸ் பனி உருகி வர, ஆனி, ஆடியில்தான் அங்கே வெள்ளம் உச்சம். காலையில் போய், கரையோரம் நடந்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்குத் திரும்பிவிடலாமாம். "உங்கட சாவகச்சேரியில இப்பிடி ஒண்டு இருக்கோ?" என்று நக்கல் வேறு.

மலையே இல்லாத ஊரில் அருவிக்கு எங்கே போவது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெய்கிற மழையில் பெரும்பங்கைச் சுண்ணாம்புக்கல் குடித்துவிடும். ஆறென்று சொல்ல வலிகாமத்து வழுக்கையாறு ஒன்று, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். ஆனாலும் நான் விடவில்லை. "கார்த்திகை கடைசியில வா, சைக்கிளில கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். அவன் வரவில்லை. நான் தனியே போய்வந்தேன்.

மூன்று நாள் விடாமல் பெய்து வெளித்திருந்த காலை. சாவகச்சேரியிலிருந்து கண்டி வீதியால் மீசாலைக்கு வந்து புத்தூர் வீதியில் திரும்பினேன். சரசாலை வரை மாவும் பலாவும் தென்னையும் நிழல்விட்ட வளவுகள். ஒழுங்கைகளில் கணுக்கால் தண்ணீர். கனகம்புளியடி தாண்டியதும் மரங்கள் விலகி வெளி விரிந்தது. வயல் எது, நீரேரி எது என்று பிரித்தறிய முடியவில்லை. நெற்பயிரின் நுனிகள் மட்டும் பச்சையாகத் தெரிய, இரண்டு பக்கமும் வெள்ளம். கொக்கும் நாரையும் கூழைக்கடாவுமாக அங்கே வேறோர் ஊரே குடியேறியிருந்தது. சரசாலைக் குருவிக்காட்டுக்குப் பெயர் சும்மா வரவில்லை.

வாதரவத்தைப் பக்கம் ஒரு மதகடியில் சைக்கிளைச் சாத்தினேன். வீதிக்குக் கீழால் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. ஒரு பெரியவர் வீசுவலையை உதறினார். விரல் நீள மீன்கள் நாலைந்து துள்ளின. குனிந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை, சப்பென்றிருந்தது. ஆவணியில் இதே தரவையில் உப்புப் பூத்துக் கிடக்கும். "இன்னும் ரெண்டு மழை பெய்தா மாடு குடிக்கும் தம்பி" என்றார் பெரியவர்.

புத்தூர், ஆவரங்கால், அச்சுவேலி என்று மிதித்துத் தொண்டைமானாற்றை அடையும்போது வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றக் கால்வாய் வெட்டியதால் வந்த பெயர் என்பார்கள். இன்று அங்கே இருப்பது உவர்நீர்த் தடுப்பணை. கடல் உள்ளே ஏறாமலும் மழைநீர் வீணே வெளியேறாமலும் காக்க 1950-களில் எழுந்தது. பலகைக் கதவுகள் உக்கி உப்புத்தண்ணீர் உள்ளே வந்த காலமும் உண்டு, பிறகு புதுப்பித்தார்கள். மழை மிஞ்சினால் வயல்கள் அழுகும். அதனால் வான்கதவுகளைத் திறந்துவிடுவார்கள்.

நான் போன அன்று திறந்திருந்தார்கள். விழுகிற உயரம் ஓராள் அளவுகூட வராது. ஆனால் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் பெய்த மழையெல்லாம் ஒடுங்கி ஒரு வாசலால் பாயும்போது பாலம் காலடியில் அதிர்கிறது. உள்ளே தேயிலைச் சாயம்போலத் தண்ணீர், கதவடியில் நுரை, அப்பால் கடலுக்குள் நெடுந்தூரம் மண்நிறம். கரையில் வலையோடு ஆட்கள் வரிசையாய் நின்றார்கள். ரைனுக்குப் போன என் பெறாமகனுக்கு அந்த இரைச்சலைப் பதிவுசெய்து அனுப்பினேன்.

அழகுதான். ஆனால் கிணற்றை நம்பி வாழ்கிறவனுக்கு அதைப் பார்க்க வயிறும் எரியும். குடாநாட்டுக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நிலத்தடியில் உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிற நன்னீர்தான் மிச்ச மாதங்களுக்கு நம் சேமிப்பு. புத்தூருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கேணியில் இதைக் கண்ணாலேயே காணலாம்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். பொறியியலாளர் ஆறுமுகம் 1954-இல் போட்ட திட்டத்தில், வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரை ஆனையிறவில் தேக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அது முழுதாக நிறைவேறவில்லை. இருக்கிற மழையையே கதவு திறந்து கடலுக்கு விடுகிறோம்.

போக நினைக்கிறவர்கள் கார்த்திகை, மார்கழியில், கதவு திறந்த செய்தி கேட்ட மறுநாளே புறப்படுங்கள். பிள்ளைகளைக் கதவடியில் இறங்க விடவேண்டாம். பாலத்தில் நின்றே பார்க்கலாம். சோற்றுப் பார்சல் கட்டத் தேவையில்லை. ஆற்றங்கரையில் செல்வச்சந்நிதிக் கோயில் இருக்கிறது, மத்தியானம் அன்னதானம் உண்டு.