தட்டை ஒதுக்கினால் போதுமா?



வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்திற்கும் மேலாக இருமுகிறார். சளியைப் பரிசோதிப்போம் என்றால், "குமருப் பிள்ளை இருக்கிற வீடு, வெளியே தெரிந்தால் சம்பந்தம் எப்படி வரும்?" என்கிறோம். அந்தப் பிள்ளையும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறாள்!

நோய் கண்டால் மருத்துவம் செய்துகொள்ளப் பணித்தவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். காசநோய் மறைக்க வேண்டிய குற்றமன்று. நுரையீரலில் அது உள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் பரவுகிறது. தட்டாலும் தம்ளராலும் பரவுவதில்லை. நாமோ தட்டை ஒதுக்கி வைக்கிறோம், ஜன்னலைத் திறப்பதில்லை!

நோயாளியையே ஒதுக்க வேண்டுமா? 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்டோரும் சானடோரியத்தில் தங்கியோரைப் போலவே குணமடைவதைக் காட்டிற்று. அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் நேரவில்லை.

ஆபத்து, மருந்தைப் பாதியில் விடுவதில் இருக்கிறது. பெரும்பாலோர்க்கு ஆறு மாதம் மருந்து. இரண்டாம் மாதமே இருமல் நின்று உடம்பு தேறிவிடும், அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு அஞ்சி நிறுத்துவோரும் உண்டு. அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், அவ்வளவே. எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும்; பேரப்பிள்ளைக்குத் தொற்றுவதும் அவையாகவே இருக்கும்.

பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். உடனிருக்கும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நோயில்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து தருவார்கள்.

மருந்தை முடித்துக் குணமான பெண்ணையும் வேண்டாமென்று திரும்பிப் போகும் மாப்பிள்ளை வீட்டார் நம் ஸஃப்பிலேதான் நிற்கிறார்கள். இந்த ஜும்ஆவில் அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.