ஊரின் உருவம்

 

ஊருக்கும் ஓர் உருவம் உண்டு. வீதிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, கோயில் எங்கே, சந்தை எங்கே, எவர் வீடு மேட்டில், எவர் வீடு பள்ளத்தில் என்று கவனித்தால், அவ்வூர் யாருக்காக அமைந்தது என்பது விளங்கிவிடும். ஆயினும் ஊருக்குள் நிற்பவனுக்கு ஊர் தெரிவதில்லை. சிறிதாக்கி மேசைமேல் வைத்தால்தான் தெரியும். இதற்காகவே மாணவர் சிலர் ஒன்றுகூடி, விடுமுறையில் மதுரை நகரின் மாதிரியுரு ஒன்றைச் செய்தோம்.

மதுரையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக நம் முன்னோர் புறப்பட்டு வந்த சீமைகளுள் மதுரையும் ஒன்று. அன்றியும், நடுவில் ஒன்றை வைத்து அதைச் சூழ ஒரு நகரம் வளர்ந்த விதத்தை அங்கே தெளிவாகக் காணலாம்.

நாம் கொண்ட அளவுத்திட்டம் ஆயிரத்துக்கு ஒன்று. ஊரில் ஒரு மீற்றர், மாதிரியில் ஒரு மில்லிமீற்றர். மீனாட்சியம்மன் கோயிலின் வெளிமதில் சுமார் 254 மீற்றர் நீளமும் 237 மீற்றர் அகலமும் உடையது. அது எங்கள் பலகையில் ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் கூடுதலாக அமைந்தது. ஏறத்தாழ 52 மீற்றர் உயரமான தெற்குக் கோபுரம் 5 சென்றிமீற்றர் உயர்ந்து நின்றது. மதிலுக்குள்ளே ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என ஒன்றையொன்று சூழ்ந்த வீதிகள். மாதங்களின் பெயர் வீதிகளுக்கு வந்தது திருவிழாக்களால். சித்திரைத் திருவிழாவில் தேர் இன்றும் மாசி வீதிகளிலேயே ஓடுகிறது. நாயக்கர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், உருப்பெற்ற அமைப்பு இது. 1840ஆம் ஆண்டுகளை ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, புறத்தே புதிய வீதிகள் எழுந்தன. மதில் போயிற்று, ஆனால் உருவம் போகவில்லை.

அட்டையை வெட்டும்போதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. இவ்வீதிகள் நூல் பிடித்த நேர்கோடுகள் அல்ல. வளைந்தும் கோணியும் செல்பவை. தேர் திரும்பவும், கூட்டம் நிற்கவும், வணிகர் கடை பரப்பவும் பயன்பட்டுப் பயன்பட்டு அமைந்தவை. மக்கள் நடந்த தடமே வீதியாயிற்று.

ஸ்கொத்லாந்து தேசத்தவரான பற்றிக் கெடிஸ் என்னும் நகர ஆய்வாளர் 1914-15இல் சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து, மதுரையைப் பற்றியும் அறிக்கை எழுதினார். பின்னர் 1921இல் கொழும்பு நகருக்கும் அவரே திட்டம் வகுத்தார். ஊரை முதலில் நடந்து ஆராய வேண்டும், திட்டம் அதன் பின்னரே என்பது அவர் கொள்கை. 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சிக்காக அம்மாநகர் முழுவதையும் ஆயிரத்து இருநூற்றுக்கு ஒன்றாகச் சுருக்கி மாதிரி செய்தனர். அது இன்றும் அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் உள்ளது. தம் வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதே அதைக் காண வருவோர் பலரின் முதல் வேலை.

நிற்க. அதே அளவுத்திட்டத்தில் நமது தோட்டம் ஒன்றைச் செய்தால் நமது வீடு எவ்வளவு இருக்கும்? இதுவே இன்றைய கேள்வி.

பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக்காம்பரா ஓர் உளுந்தளவே இருக்கும். பத்துக் காம்பராக்கள் கொண்ட லயம் ஒரு தீக்குச்சி நீளமும் வராது. மதுரைக்கு நடு, கோயில். தோட்டத்துக்கு நடு எது? தொழிற்சாலை. காற்றும் காட்சியும் உள்ள மேட்டில் துரை பங்களா. நல்ல மண்ணெல்லாம் தேயிலைக்கு. எஞ்சிய சரிவிலும் பள்ளத்திலும் லயங்கள். பிரட்டுக்களத்துக்கு விரைவில் வந்து சேர வேண்டும் என்பதே இடந்தேர்ந்தோரின் கணக்கு. இவ்வுருவத்தை அமைத்தவர்கள் அதில் வாழப்போகிறவர்களைக் கேட்கவில்லை.

மலைநாட்டுக்கு மட்டமான பலகை போதாது. நில அளவைத் திணைக்களத்தின் தேசப்படத்திலுள்ள சமவுயரக் கோடுகளைப் பின்பற்றி அட்டைகளை வெட்டி அடுக்க வேண்டும். 5 மீற்றர் உயரத்துக்கு 5 மில்லிமீற்றர் அட்டை ஒன்று. அடுக்கி முடித்ததும் ஓடை எங்கே இறங்குகிறது, கான் எங்கே முடிகிறது, அதன் கீழே எந்த லயம் நிற்கிறது என்பது சிறுபிள்ளைக்கும் புரியும்.

இது விளையாட்டன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து உண்டென்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால், எழுந்து போ என்றால் எங்கே போவது? காணி இல்லாதவனுக்கு எச்சரிக்கை மட்டும் போதாது. 2025 நவம்பரில் டித்வா புயலும் மலையகமெங்கும் அதே பாடத்தைப் புகட்டிச் சென்றது.

தனி வீடும் 7 பேர்ச்சஸ் காணியும் என்ற பேச்சு எழுந்து ஆண்டுகள் பலவாயின. சில இடங்களில் வீடுகளும் எழுந்துள்ளன. 7 பேர்ச்சஸ் என்பது நமது மாதிரியில் ஒரு விரற்கடைச் சதுரம். அச்சதுரத்தை எங்கே வைப்பது? ஓடைக் கரையிலா, உறுதியான மேட்டிலா? பாடசாலைக்கும் பீலிக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் எவ்வளவு தூரம்? வரைபடத்தை வாசிக்கத் தெரியாத பாட்டியும் மாதிரியுருவில் விரல் வைத்து, “இந்த இடத்திலே மழைக்காலத்தில் ஊற்று எடுக்கும்” என்று சொல்லக்கூடும். அந்த அறிவு எந்த அலுவலகத்துக் கோப்பிலும் இல்லை.

ஆகவே மன்றத்தாரிடம் ஒரு விண்ணப்பம். தோட்டத்துக்கு ஐந்து இளைஞர் முன்வரட்டும். செய்மதிப் படம் இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது. மண்சரிவு அபாய வரைபடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கியுள்ளது. பழைய அட்டைப்பெட்டியும் பசையும் கத்தியும் நம்மிடம் உண்டு. மாதிரியைச் செய்து கோயில் மண்டபத்தில் வையுங்கள். பெரியோர்களே, தாங்கள் வந்து ஊற்றையும் பழைய சரிவையும் எங்களுக்குக் காட்டித் தாருங்கள். வீடமைப்புக்கு இடம் பார்க்க அதிகாரிகள் வரும் நாளில் வெறுங்கையோடு நில்லாது, நமது ஊரையே அவர்கள்முன் வைத்துப் பேசுவோம்.

பிறர் வரைந்த கோட்டுக்குள் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்துவிட்டோம். இனி வரையப்படும் கோடுகளில் நமது கையும் இருக்கட்டும்.