காலிக் கட்டம்

(உடற்கல்வி முதுகலை மாணவர்கள் கூட்டிய சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டதே வேடிக்கைதான். நான் கடைசியா ஓடினது பஸ்ஸைப் பிடிக்க. கவிதை எழுதுகிறேன், வயிற்றுக்கு வங்கியில் கிளார்க் வேலை. போன மாதம் உங்களில் ஒரு தம்பி கவுண்டருக்கு வந்து, "அண்ணே, இந்த நம்பரைக் கொஞ்சம் பாருங்க"ன்னு ஒரு நோட்டை நீட்டினான். தன் ஆய்வேட்டுக்காக அவனே எடுத்த அளவுகள். அந்த நோட்டைப் பற்றித்தான் பேச வந்தேன். அதுக்கு முன்னாடி வேறொரு கணக்கு இருக்கு.

2006 டிசம்பர், தோகா ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டில் பிறந்த சாந்தி, 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். சில நாளில் பாலினச் சோதனை என்றார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் மருந்து சாப்பிடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. தன் உடம்போடு பிறந்தார், அந்த உடம்போடு ஓடினார். ஒரு தலித் பெண்ணின் உடம்பைத் தொலைக்காட்சியில் வைத்து ஆளாளுக்கு அலசினார்கள். கேட்டால், "விஞ்ஞானம் சொல்லிடுச்சு." எந்த விஞ்ஞானம்? எதை அளந்து சொல்லுச்சு?

இதைக் கேட்க வைத்தது ஒடிசாவின் நெசவாளர் வீட்டுப் பெண் டூட்டி சந்த். 2014இல் அணியிலிருந்து நீக்கப்பட்டவர் வழக்குப் போட்டார். விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2015 ஜூலையில் கேட்டது, உங்க வாய்மொழித் தேர்வில் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பெண்ணின் உடம்பில் இயல்பாகவே டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாகச் சுரந்தால் ஓட்டத்தில் எவ்வளவு கூடும்? அளவைக் காட்டு. சர்வதேசத் தடகள சம்மேளனத்திடம் காட்ட அளவு இல்லை. விதி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆதாரம் கொண்டு வர இரண்டு வருடத் தவணை.

2017இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் சம்மேளனத்தின் சொந்த ஆட்களே. 2011, 2013 உலகப் போட்டிகளிலிருந்து ஆண், பெண் சேர்த்து 2127 பதிவுகள். பெண்களில் ஐந்து போட்டிகளில் வித்தியாசம் தெரிந்தது: 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், 800 மீட்டர், சம்மட்டி எறிதல், கோலூன்றித் தாண்டுதல். 2018இல் வந்த விதியோ 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரைதான். சம்மட்டியும் கோலும் காணோம். வித்தியாசமே தெரியாத 1500 மீட்டர் உள்ளே வந்துடுச்சு. எங்க வங்கியில் இப்படி ஒரு டே புக்கைக் கொண்டுபோனால் மேனேஜர் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுப் பார்ப்பார்.

அப்புறம் வெளியிலிருந்து மூன்று பேர், பீல்கே, டக்கர், போயே, மூலப் பதிவுகளைக் கேட்டார்கள். ஒரு பகுதிதான் கிடைத்தது. அதிலேயே ஒரே ஆளின் நேரம் இரண்டு தடவை ஏறியிருந்தது. சில நேரங்கள் போட்டி முடிவுப் பட்டியலிலேயே இல்லை. ஒரே வவுச்சரை ரெண்டு தடவை போஸ்ட் பண்ணின கதை. 2019இல் காஸ்டர் செமன்யா வழக்கில் தோற்றார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் அவரால் நிற்க முடியவில்லை. அது முடிந்த சில நாளில் அதே இதழ் ஒரு திருத்தம் போட்டது: இது தேடிப் பார்த்த ஆய்வு மட்டுமே, காரண காரியத்தை நிரூபித்ததாகக் கொள்ள முடியாது என்று. ஓட்டம் முடிஞ்ச பிறகு வந்து சேர்ந்த திருத்தம்! டெஸ்டோஸ்டிரோனுக்கு வேலையே இல்லைன்னு நான் சொல்லலை. அது பற்றிய சண்டை முடியவில்லை, விதிகளும் 2023லும் 2025லும் இன்னும் இறுகித்தான் போச்சு. நான் சொல்வது மூல நோட்டைப் பற்றி.

சரி, தம்பியின் நோட்டு. அவன் தெருவில் கபடி ஆடுகிற 14 பேர், பகலில் மூட்டை தூக்குகிறவர்கள். ஒரு நாள் சுமை வேலை அன்று சாயங்காலத்துத் தாங்குதிறனை எவ்வளவு தின்னுது? இதுதான் கேள்வி. வழிகாட்டி சொன்னாராம்: "இதெல்லாம் எதுக்கு, விடுதிப் பையன்கள் முப்பது பேரை எடு, பன்னிரண்டு வாரப் பயிற்சி கொடு, போன வருசத்து ஆய்வேட்டைப் பார்த்து எழுது." தம்பி ஒத்துக்கலை. மூட்டை தூக்குகிறவனின் களைப்பைப் பற்றி நூலகத்தில் எத்தனை ஆய்வேடு இருக்கு, பாருங்க.

கருவி என்ன? 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு, பீப் ஒலி ஒன்று. மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு அரை கிலோமீட்டர் கூடும். ஒலிக்குள் கோட்டைத் தொட முடியாதவன் நிற்கலாம். லட்ச ரூபாய் எந்திரம் வேண்டாம். ஆனா ஒழுங்கு வேணும். ஒவ்வொருவரும் வேலை நாளில் ஒரு தடவை, ஓய்வு நாளில் ஒரு தடவை ஓடணும். எல்லாரும் ஓய்வு நாளிலேயே முதலில் ஓடினால், இரண்டாம் தடவை பழக்கத்தால் கூடினதா களைப்பால் குறைஞ்சதான்னு பிரிக்க முடியாது. அதனால் பாதிப் பேருக்கு வரிசையை மாத்திப் போடணும். நேரம், தரை, வெறுங்காலா ஷூவா, எல்லாம் இரண்டு தடவையும் ஒன்றாக இருக்கணும்.

ஒருத்தர் கேட்டாராம், "எதுக்குப்பா எழுதுற, கம்பெனிக்குக் கொடுக்கவா?" நியாயமான கேள்வி. அளந்து எழுதிக்கொண்டு போனவர்கள் நமக்குத் திருப்பிக் கொடுத்தது என்ன? தம்பி ஒப்புதல் தாளைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டினான். பாதியில் விலகலாம், முடிவு முதலில் உங்களுக்குத்தான், குத்தகைக்காரர் கண்ணில் படாது என்று.

இப்ப சொல்லப் போறதை அவனைக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். நோட்டில் இரண்டு பக்கத்தில் இரண்டு பேருக்கு ஒரே நம்பர் அச்சு அசலா வந்திருந்தது. காசு எண்ணுகிற கண், பட்டுன்னு நின்னுடுச்சு. கேட்டேன். தலையைக் குனிஞ்சான். "ரெண்டு பேரும் ரெண்டாவது தடவை வரலைண்ணே, லோடு வந்துடுச்சு. பன்னிரண்டு பேர்னா செல்லாதுன்னு சொல்லிடுவாங்களோன்னு..." பயம் புரியுது. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவன், ஒரு வருடம் போனால் திரும்ப வராது. ஆனால் லோடு வந்ததால் ஓட வரமுடியலைங்கறதே உன் ஆய்வின் சேதிதானே தம்பி? அதை மறைச்சுட்டு என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறே? அடிச்சுடு, கட்டம் காலியா இருக்கட்டும், ஏன் காலின்னு பக்கத்தில் எழுதுன்னு சொன்னேன். பேசாமல் நோட்டை வாங்கிட்டுப் போயிட்டான். நாலு நாள் போன் இல்லை.

அஞ்சாம் நாள் வந்தான். இரண்டு வரியிலும் சிவப்புக் கோடு. வழிகாட்டி இன்னும் கையெழுத்துப் போடலை, அதுக்கு என்ன செய்யலாம்னு நீங்க பேசணும். வர்ற ஞாயிறு அந்த ரெண்டு பேரும் வர்றாங்களாம், லோடு இல்லைன்னா. கோடு பார்க்க ஆள் இல்லைன்னு என்னையும் காலையிலேயே வரச் சொல்லியிருக்கான்.