ஓடு சொன்ன பெயர்

இலக்கியம் இருக்க மண்ணைத் தோண்டுவானேன் என்கிறார் எதிரணி நண்பர். செல்வக்கடுங்கோவைப் பாடிய கபிலர் சொன்ன 'கொடுமணம்' எங்கே? வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் போய் வடக்கே திரும்பினால், நொய்யல் கரைக் கொடுமணல்! நான் முப்பது வருஷம் வகுப்பில் பதவுரை சொன்னதோடு சரி. பேராசிரியர் கா. ராஜன் குழியில் இறங்கினார்! 1985இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழக அகழாய்வில் இருந்தவர், 2012இல் புதுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து மறுபடி அங்கேயே வந்தார். "வேற ஊரே கிடைக்கலீங்களா?" என்று கேட்கத் தோணும். கிடைத்தவை என்ன? இரும்பு உருக்கிய உலை, வேலை முடியாத பளிங்கு மணி, தமிழில் பெயர் கீறிய பானை ஓடு. கபிலர் அரசன் பெயரைப் பாடினார். பானைக்காரன் பெயரை எந்தப் புலவரய்யா பாடினார்? ஓடுதானே சொன்னது!